வந்தவளுக்குச் சொல் கொடுத்தவர்கள்

2023 மே மாதக் கல்லூரி விடுமுறையில் மூன்று வாரம் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். சுற்றுலாவுக்கோ கருத்தரங்குக்கோ போகவில்லை. தமிழ்நாட்டுத் திருச்சபை ஒன்றின் பெண்கள் ஐக்கியம், அங்குள்ள சபையோடு சேர்ந்து மயிலிட்டிப் பக்கத்தில் ஒரு மாலை வகுப்பு நடத்தி வந்தது. வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிண்ணம் கஞ்சியும் உண்டு. 2022இல் இலங்கை மக்கள் எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் தொடங்கிய வேலை அது. தமிழ் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஐக்கியத்தில் இருக்கும் தோழி கேட்டாள். நான் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்தவள்; மிஷன் விடுதியில் சமையல் செய்த ஒருத்தியின் பேத்தி. "அது போதும், வா" என்றாள்.

அயல்நாட்டுக்கு மிஷன் வேலையாகப் போகும் பெண்ணின் முதல் நாட்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கடல்நோய், வெக்கை, கொசு, புரியாத மொழி, தனிமை, பிறகு ஊராரின் அன்பு என்று அந்த எழுத்துக்கு ஒரு பழகிய பாதை உண்டு. அதை எழுதியவள் போனவள். அவளை வாசலில் நின்று உள்ளே அழைத்தவள் எழுதவில்லை. எனக்கு இப்போது அந்த இரண்டாமவளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. போனவளாக இருந்துகொண்டு நான் இதை எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்தே வாசியுங்கள்.

*

சென்னையிலிருந்து பலாலிக்குச் சிறிய விமானம். கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிடுகிறது. கடவுச்சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் பெயர்ப்பலகையில் தமிழ். வெளிநாடு என்பதும் சொந்த மொழி என்பதும் ஒரே இடத்தில் எதிர்ப்பட்டன.

விமான நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் கதையை அன்று மாலையே கேட்டேன். 1990இல் போர் காரணமாக வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறினார்கள். அவர்கள் விட்டுப்போன ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2009இல் போர் முடிந்தது. காணி உடனே திரும்பவில்லை. துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில் விடுபட்டது. இடையில் 27 ஆண்டுகள். நலன்புரி நிலையம் என்று அரசு பெயர் வைத்த முகாம்களில் பெண்கள் பூப்பெய்தினார்கள், மணமுடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள். விடுபடாத காணிக்காக இன்னும் காத்திருப்பவர்கள் உண்டு.

வகுப்பு நடந்தது அப்படித் திரும்பி வந்த ஒருவரின் வளவில், தகரக் கொட்டகையில். பக்கத்தில் அவருடைய பழைய வீடு கூரையில்லாமல் நின்றது. சுவரைப் பிளந்துகொண்டு ஓர் ஆலங்கன்று மரமாகியிருந்தது. முன்னால் இரண்டு அறையோடு புதிய வீடு. அந்த வீட்டுக்காரிதான் கஞ்சி காய்ச்சுகிறவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை ரீச்சர் என்றார்.

முதல் நாள் போனபோது ஒரு பையன் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு வந்தான். நாற்காலி எனக்கு. அக்காவும் மற்றப் பெண்களும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தார்கள். எனக்கு மட்டும் பால்தேத்தண்ணி வந்தது. நானூறு கிராம் பால்மா ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்ற மாதம் அது. சபையின் விருந்தினர் அறை தூரத்தில் இருந்தது, இருட்டியபின் பஸ் இல்லை. அதனால் அக்கா வீட்டிலேயே தங்க ஏற்பாடு. மின்விசிறி இருந்த அறை எனக்கு. அக்காவும் மகளும் குசினிக்கு முன்னால் பாய் விரித்துப் படுத்தார்கள். நான் மறுத்துப் பார்த்தேன். "இது எங்கடை வீடு, நாங்கள் சொல்லுறபடிதான்" என்று முடித்துவிட்டார்.

வகுப்பில் முப்பத்தோரு பிள்ளைகள். கதை ஒன்றைச் சொல்லி நிறுத்திவிட்டு, "இப்போது நீங்கள் பேசுங்கள்" என்றேன். அமைதி. மறுபடியும், "பயப்படாமல் பேசுங்கள்" என்றேன். முன்வரிசையில் இருந்த பத்து வயதுப் பெண்பிள்ளை எழுந்து, "ஆரைப் பேசச் சொல்லுறியள் ரீச்சர்?" என்று கேட்டாள். கஞ்சிப் பானையருகில் இருந்த அக்கா சிரித்த சிரிப்பில் அகப்பை கீழே விழுந்தது.

"இஞ்சை பேசிறது எண்டா ஏசிறது, ரீச்சர். நீங்கள் 'கதையுங்கோ' எண்டு சொல்லுங்கோ."

எங்கள் ஊரில் கதைவிடுகிறவன் பொய்யன். அங்கே கதைப்பதுதான் மனிதரோடு மனிதர் செய்யும் காரியம். வடிவாகச் சாப்பிடுங்கோ என்றால் அழகாக இல்லை, வயிறாரச் சாப்பிட வேண்டும். கெதியாக வாங்கோ என்றால் விரைவாக. அரிசி களையும் வரிவைத்த மண்பாத்திரத்துக்கு அரிக்கன்சட்டி என்று பெயர். வேலி வாசல் படலை. 'யார்' என்பதற்கு நாங்கள் பழைய செய்யுளில் மட்டும் காணும் 'ஆர்', அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் வாயில் சாதாரணமாக வந்தது. தமிழில் முனைவர் பட்டம் பெற்றவளுக்கு ஒரு கஞ்சிக் கொட்டகையில் தமிழ் வகுப்பு நடந்தது. ஆசிரியைக்குப் பாடநூல் இல்லை, சம்பளமும் இல்லை. கைவேலையை நிறுத்தாமலேயே சொல்லிக்கொடுத்தார்.

*

முதல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை. தெல்லிப்பழை வழியாக உடுவிலுக்குப் போனேன். என் துறைக்காரர்களுக்கு இந்த ஊர்ப்பெயர்கள் புதியவை அல்ல. 1816இல் அமெரிக்க மிஷன் தன் முதல் நிலையங்களைத் தொடங்கிய இடங்களில் ஒன்று தெல்லிப்பழை, மற்றது வட்டுக்கோட்டை. நம் மேசைகளில் இருக்கும் வின்சுலோ அகராதியின் வேர் இந்தப் பக்கத்து மண்ணில்தான் இருக்கிறது. யோசப் நைட் தொடங்கிய சொற்சேகரிப்பு பலர் கைமாறி, மைரன் வின்சுலோவால் முடிக்கப்பட்டு, 1862இல் சென்னையில் நூலாயிற்று. 67,000க்கும் மேற்பட்ட சொற்கள்.

மைரன் வின்சுலோவை நமக்குத் தெரியும். ஹேரியட் வின்சுலோவை?

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் 1796இல் பிறந்தவர் ஹேரியட். 1819 ஜனவரியில் திருமணம். அதே ஆண்டு ஜூனில் பாஸ்டனிலிருந்து கணவரோடு கப்பலேறினார். அவர்களோடு வந்தவர்களில் மருத்துவர் ஜான் ஸ்கடரும் அவர் மனைவி ஹேரியட் ஸ்கடரும் உண்டு. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் தாத்தாவும் பாட்டியும் அவர்கள்தாம். வழியில் கல்கத்தாவில் ஸ்கடர் தம்பதியின் குழந்தை இறந்தது. கையில் குழந்தையோடு கப்பலேறி, வெறுங்கையோடு இலங்கையில் இறங்கிய பெண்ணின் முதல் நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

இவர்களுக்கும் முன்னால் இன்னொரு ஹேரியட் இருந்தார். 1812இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட முதல் மிஷன் கூட்டத்தில் இருந்த ஹேரியட் நியூவெல். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை இந்தியாவில் தங்க விடவில்லை. கடலில் பிள்ளை பெற்று, அதைப் பறிகொடுத்து, அந்த நவம்பரில் மொரீஷியஸ் தீவில் இறந்தபோது அவருக்கு வயது 19. கணவர் சாமுவேல் நியூவெல் அதன்பின் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தை மிஷனுக்கு ஏற்ற இடமாகக் காட்டியவர்களில் அவர் ஒருவர். ஒரு தொடக்கத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் கல்லறை இருப்பது மிஷன் வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியது.

ஹேரியட் வின்சுலோ 1820இல் யாழ்ப்பாணம் வந்து உடுவிலில் குடியமர்ந்தார். அந்த ஆண்டே இலங்கையின் ஆங்கில அரசு புதிய அமெரிக்க மிஷனரிகளுக்குக் கதவடைத்தது. மிஷனுக்கென்று வந்த அச்சுத் தொழிலாளர் ஒருவரையே தங்க விடவில்லை. 1833 வரை துணைக்கு வேறு ஆள் வர முடியாது என்ற நிலையில், வந்த சில பெண்கள் பிள்ளை பெற்றார்கள், சிலவற்றைப் புதைத்தார்கள், மொழி கற்றார்கள், பள்ளி நடத்தினார்கள். 1824இல் ஹேரியட் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி இன்று உடுவில் மகளிர் கல்லூரி. தன் மகனைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். பதினோரு வயதில், 1832இல் அவன் அங்கே இறந்தான். அடுத்த ஜனவரியில் உடுவிலில் ஹேரியட்டும் இறந்தார். வயது 36. அவருடைய நாட்குறிப்பையும் கடிதங்களையும் தொகுத்துக் கணவர் 1835இல் நூலாக்கினார். அந்த மிஷனின் பதிவேடுகளில் கணவர் மிஷனரி. மனைவி துணை மிஷனரி. வேலை ஒன்றுதான். சம்பளமும் பெயரும் கணவருக்கு.

இதுவரை சொன்னது பெண்ணிய வாசிப்பில் நமக்குப் பழக்கமான கதை. ஆணின் நிழலில் மறைந்த பெண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம். அது வேண்டியதுதான். ஆனால் வெள்ளைப் பெண்ணின் தியாகத்தோடு நம் வாசிப்பு நின்றுவிடுகிறது. அவளுக்கு அடுத்த படியில் நின்ற பெண்ணிடம் போவதில்லை.

1820இல் உடுவிலுக்கு வந்த ஹேரியட்டுக்குத் தமிழ் தெரியாது. பாடம் சொல்ல ஆண் பண்டிதர்கள் கிடைத்திருப்பார்கள். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதை, அடுப்பு புகைகிறது என்பதை, தலைப்பேன், தீட்டு, பேறுகாலம் என்பவற்றையெல்லாம் எந்தப் பண்டிதர் ஓர் அயல்நாட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? தையல் பழக வந்த சிறுமிகளிடமும், அவர்களை அழைத்துவர வந்த தாய்மாரிடமும், வீட்டு வேலைக்கு நின்ற பெண்களிடமும்தான் அந்தத் தமிழ் இருந்தது.

அந்தச் சிறுமிகள் என்னவானார்கள்? மிஷன் விடுதிகளில் பிள்ளைகளின் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்கர்களின் பெயர்களை அந்தப் பிள்ளைகளுக்கே சூட்டும் வழக்கம் இருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நாம் இலக்கிய வரலாற்றில் படிக்கும் பெயர்கள் அப்படி வந்தவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகச் சி.வை. தாமோதரம்பிள்ளையையும் விசுவநாதபிள்ளையையும் தேர்வுக்குப் படிக்கும் மாணவிகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆண்கள் இரவல் பெயரைத் தாண்டித் தம் பெயரையும் வரலாற்றில் நிறுத்திக்கொண்டார்கள். உடுவிலில் படித்த பெண்களின் பெயர் நம் பாடத்திட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

அவர்களின் படிப்பு நோக்கமே வேறாக வரையப்பட்டிருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கிறிஸ்தவ இளைஞர்களுக்குப் படித்த மனைவியர் தேவை. படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்ணுக்குப் பள்ளியே சிறு சீதனம் தந்தது. பெண்களுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட ஊரில் எழுத்தைக் கொடுத்த கைதான், அதே ஊரின் சீதன வழக்கத்தையும் ஏற்றுக்கொண்டது. சாதியோடும் அப்படியே ஒத்துப்போக வேண்டியிருந்தது. உயர்சாதி மாணவர்களுக்காக வட்டுக்கோட்டையில் மிஷன் எல்லைக்கு வெளியே சமையற்கட்டு அமைக்க நேர்ந்தது. அடுப்படியில் யார் நிற்கலாம் என்பதை வேதம் தீர்மானிக்கவில்லை.

1840இல் உடுவிலுக்கு எலைசா அக்னியூ வந்தார். திருமணமாகாதவர். பெற்றோரைக் கவனிக்கும் கடமை முடிந்த பிறகே அவரால் அமெரிக்காவை விட்டுப் புறப்பட முடிந்தது. நாற்பது ஆண்டு அளவில் அந்தப் பள்ளியை நடத்தி, ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பாமல், 1883இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். ஆயிரம் பெண்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் கணக்குப் பார்க்கிறேன்: தாய்க்குப் பெயர் உண்டு, ஆயிரம் மகள்களுக்கு எண் மட்டும் உண்டு.

*

எங்கள் வீட்டிலும் இந்தக் கதையின் ஒரு துண்டு இருக்கிறது.

என் ஆச்சி, அம்மாவின் அம்மா, இருபத்து நான்கு வயதில் கணவனை இழந்தவள். இரண்டு பிள்ளைகளோடு பாளையங்கோட்டை மிஷன் விடுதி ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். 1949இல் இங்கிலாந்திலிருந்து ஓர் இளம் மிஸ்ஸியம்மா அங்கே வந்தார். வந்த முதல் வாரம் முழுக்க அழுதார் என்று ஆச்சி சொல்வாள்.

"அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுளா. சோத்தை எப்படிப் பெசையணும்னுகூட நாந்தான் காட்டுனேன். முன்ஷி வந்து 'நான் போகின்றேன், நீ போகின்றாய்'னு படிச்சுக் குடுப்பாரு. அதை வச்சுட்டு மார்க்கெட்டுல ஒரு வீசை கத்திரிக்கா வாங்க முடியுமா?"

அதனால் மிஸ்ஸியம்மா சாயங்காலங்களில் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வாராம். ஆச்சி காய் நறுக்குவாள், இவர் பெயர் கேட்பார். ஆறே மாதத்தில் திருநெல்வேலித் தமிழ் நாக்கில் ஏறிவிட்டது. ஒருநாள் தலைமையாசிரியை அம்மாவையே "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டுவிட்டார். விடுதியே சிரித்தது. மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினார். இருபது ஆண்டுக்குப் பின் அவர் நாடு திரும்பியபோது கோயிலில் பிரிவுபசாரக் கூட்டம் நடந்தது. தனக்குத் தமிழ் கற்பித்த முன்ஷியின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். ஆச்சிக்கு ஒரு சேலை கொடுத்தார்.

ஆச்சிக்கு அதில் கசப்பு இருந்ததாகத் தெரியவில்லை. "அவ எனக்குச் சேலை எடுத்துக் குடுத்தா. நான் அவளுக்குப் பேச்சு குடுத்தேன். எது பெருசுன்னு நீயே சொல்லு" என்பாள். அவளுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அந்த மிஸ்ஸியம்மா நல்லவர். ஆச்சியின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார். என் அம்மா ஆசிரியை ஆனதும், நான் இன்று கல்லூரியில் பாடம் நடத்துவதும் அந்த வாசலிலிருந்து தொடங்கியவைதாம். நன்றியும் கணக்கும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

மயிலிட்டியில் அக்கா அரிக்கன்சட்டியை எடுத்துக் காட்டிப் பெயர் சொன்ன மாலையில் ஆச்சி நினைவுக்கு வந்தாள். இந்த முறை கேட்கிற இடத்தில் இருந்தது அவளுடைய பேத்தி.

*

முதல் வாரம் முடிந்த இரவு, குறிப்பேட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன். நான் கொடுத்தது: ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம், ஆக ஒன்பது மணி நேர வகுப்பு. பெற்றது: ஏழு இரவுக்கு ஓர் அறை, இருபத்தொரு வேளை சாப்பாடு, விருந்தாளி என்பதால் அவற்றில் நாலு முட்டை, இரவில் கிணற்றடிக்குக் கூடவே வந்த துணை, இரவல் நாற்காலி, அறுபதுக்கு மேற்பட்ட சொற்கள்.

தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகள் முதல் பத்தியை மட்டும் எழுதுகின்றன. இரண்டாவது பத்திக்கு விருந்தோம்பல் என்று பெயரிட்டு நாம் நெகிழ்ந்துபோகிறோம். வீட்டுவேலைக்குக் கூலி உண்டா என்று கேட்கிற பெண்ணியம் இந்தப் பத்தியைப் பார்க்காமல் தாண்டக்கூடாது. விருந்தோம்பல் என்பது யாரோ ஒருத்தி ஐந்து மணிக்கு எழுந்து தேங்காய் துருவுவது. தொண்டு செய்ய வந்தவளை ஊருக்குள் நடமாடத் தகுந்தவளாக்கும் வேலை அது. அந்த வேலை நடக்காவிட்டால் தொண்டு நடக்காது. மிஷன் காலத்திலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞன் வந்தான். நுண்கடன் தவணை வாங்க வருகிறவன். போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. கடனாளிகள் பெரும்பாலும் பெண்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முன்வரும் அளவுக்கு அந்த நெருக்கடி வளர்ந்திருந்தது. அக்கா மடியிலிருந்து காசை எடுத்து எண்ணிக் கொடுத்தார். அவன் என்னைப் பார்த்து, "இவ ஆர்?" என்று கேட்டான்.

"எங்கடை சொந்தம்" என்றார் அக்கா.

அவன் போனபிறகு கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ரீச்சர், நீங்கள் புத்தகம் எழுதிறனீங்களாம். என்ரை பேரை ஒண்டிலையும் போட்டிடாதேங்கோ."

"ஏன் அக்கா?"

"லோன் குடுத்தவன் வாசிப்பான். வெளிநாட்டிலை இருக்கிற தம்பி வாசிச்சுக் கவலைப்படுவான். இன்னும் ஆர் ஆரோ வாசிப்பினம். எங்கடை பேர் எத்தினை பதிவிலை கிடக்கு தெரியுமே? முகாம் பதிவு, ஆமிப் பதிவு, லோன் பதிவு. இன்னொண்டு வேண்டாம்."

பெயரில்லாதவளுக்குப் பெயர் கொடுப்பதுதான் நீதி என்று எழுதிப் பழகியவள் நான். கவிதையிலும் வகுப்பறையிலும் அதைச் சொல்லியிருக்கிறேன். அக்கா சொன்னது அந்த எண்ணத்துக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. பதிவு என்பது எல்லாப் பெண்ணுக்கும் பெருமை அல்ல. பதிவேட்டோடு ஒருவர் வாசலுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பவள், தன் பெயரைத் தானே மறைத்துக்கொள்ளலாம். உடுவிலின் முதல் சிறுமிகளையும் நான் இப்போது சற்று வேறுவிதமாக யோசிக்கிறேன். இரவல் பெயரை மிஷன் ஏட்டில் விட்டுவிட்டு, தாய் கூப்பிட்ட பெயரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். அதையும் மறதி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது.

ஆகவே பெயர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கணக்கு வேண்டும் என்கிறேன். வேலையை வேலை என்று எழுத வேண்டும். பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவளிடம் கேட்க வேண்டும்.

இதை வாசிக்கும் மாணவிகளில் பலர் மிஷன் பள்ளிகளில் படித்திருப்பீர்கள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது நிறுவனரின் வாழ்க்கையை மட்டும் எடுக்காதீர்கள். அந்த விடுதியில் சமைத்தவர், துணி வெளுத்தவர், ஆயாவாக நின்றவர், பிள்ளை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர் யார் என்று கேளுங்கள். அவர்களின் பேத்திகள் உங்கள் தெருவில் இருக்கக்கூடும். உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். என்ன சமைத்தார்கள், எவ்வளவு சம்பளம், எந்தச் சொல்லை யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஏடுகளில் இல்லாதது வாய்ச்சொல்லில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

அயல்நாட்டுக்கோ அயலூருக்கோ தொண்டு செய்யப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். போங்கள். போவதற்கு முன் உங்கள் முதல் வாரத்தை யார் சுமக்கப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். அந்தச் சுமைக்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊர் திரும்பியதும் ஐக்கியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. படிவத்தில் பயனாளிகள் எண்ணிக்கை என்று ஒரு கட்டம். முப்பத்திரண்டு என்று எழுதினேன். பிள்ளைகள் முப்பத்தொன்றுதானே, மற்றது யார் என்று தோழி தொலைபேசியில் கேட்டாள். நான்தான் என்றேன். சிரித்தாள். பிறகு, அக்காவுக்குச் சமையலுக்கென்று மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அரிசியும் பயறும் வாங்கித் தருகிறோம் என்றாள். அன்று நாங்கள் வெகுநேரம் பேசினோம். யாழ்ப்பாணத்தார் அர்த்தத்திலும் கொஞ்சம் பேசியிருப்போம்.

அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து அக்காவுக்கு மாதச் சம்பளம் போகிறது. வகுப்பை இப்போது உயர்தரப் பரீட்சை முடித்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி நடத்துகிறாள். அவளுக்கும் சம்பளம் உண்டு. "பேசுங்கள்" என்று அவள் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.